முக்கால் சுற்றில் நிறுத்துங்கள்: மலை வண்டிக்கு ஆயில் ஃபில்டர் மாட்டுவது பற்றி

கோத்தகிரியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் சொந்தமாக வண்டி வைத்திருப்பவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. மலைச்சாலையில் ஓடும் வண்டிக்கு, சமவெளியில் ஓடும் வண்டியைவிட எதையும் ஒரு பிடி கூடுதலாக முடுக்க வேண்டும் என்பார்கள். கொண்டை ஊசி வளைவுகளையும், மழைக்குப் பின் பெயர்ந்து கிடக்கும் தார்ச்சாலையையும், இரண்டாவது கியரிலேயே நெடுநேரம் முக்கிக்கொண்டு ஏறும் இன்ஜினின் அதிர்வையும் தினமும் பார்க்கிறவர்களுக்கு அந்த எண்ணம் வருவதில் வியப்பில்லை. மற்ற பாகங்களுக்கு அது எந்த அளவுக்குச் சரி என்பதை நான் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. ஆயில் ஃபில்டருக்கு அது பொருந்தவே பொருந்தாது. ஏன் பொருந்தாது என்பதையும், வீட்டு வாசலில் தாமே ஆயில் மாற்றுகிறவர் ஃபில்டரை எப்படி மாட்டி எங்கே கையை எடுக்க வேண்டும் என்பதையும் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

முதலில், இந்தச் சிறிய டப்பாவின் மேல் எவ்வளவு பொறுப்பு இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பில் இருக்கும் ஆயிலைப் பம்ப் உறிஞ்சி அழுத்தத்தோடு தள்ளுகிறது. அது ஃபில்டரின் முகத்தில் வட்டமாக அமைந்த சிறு துளைகள் வழியே உள்ளே நுழைந்து, மடித்த காகிதத்தைக் கடந்து, நடுவில் மரை வெட்டிய பெரிய துளை வழியே வெளியேறி, கிராங்க் ஷாஃப்ட் பேரிங்குகளுக்குப் போகிறது. இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றில் இன்ஜினின் ஆயில் முழுவதும் இந்த வழியாகத்தான் சுற்றி வருகிறது. ஆகவே ஃபில்டர் இன்ஜினோடு சேரும் இடத்தில் கசிவு ஏற்பட்டால், அது சொட்டுச் சொட்டாக ஒழுகும் பாத்திரத்தின் கசிவாக இருக்காது; பம்ப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும் கசிவாக இருக்கும். ஃபில்டரின் முகத்திலிருக்கும் ரப்பர் வளையம் ஒரு பக்கம் பிதுங்கி வெளியே வந்துவிட்டால், ஒரு சிறிய காரிலிருக்கும் மூன்று லிட்டர் சொச்சம் ஆயிலும் மிகக் குறுகிய நேரத்தில் சாலையில் கொட்டிவிடும்.

மலையில் இதன் விளைவு சமவெளியில் இருப்பதைவிடக் கடுமையானது. டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு ஆயில் விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை. அழுத்தம் ஏறக்குறைய இல்லாமலே போகும் நிலையில்தான் அது எரிகிறது. எரிந்த உடனே இன்ஜினை நிறுத்த வேண்டும் என்பது விதி. ஆனால் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் சாலையில், குஞ்சப்பனைக்குக் கீழே ஓர் இறக்கத்தில், பின்னால் பேருந்து வரும்போது, இன்ஜினை நிறுத்தினால் பவர் ஸ்டீயரிங் கல்லாகக் கனத்துவிடும். பிரேக்குக்கு உதவும் வாக்குவம் இரண்டு மூன்று அழுத்தல்களில் தீர்ந்துபோகும். நிறுத்தாமல் ஓட்டினால் பேரிங் போகும். அப்படி ஓர் ஓட்டுநரைத் திணற வைக்கும் நிலை, வீட்டு வாசலில் ஃபில்டர் மாட்டிய கடைசி அரை நிமிடத்தில் தீர்மானமாகிறது. வளைவில் கொட்டிய ஆயில் மேல், மூடுபனியில் எதிரே தெரியாமல் வரும் இருசக்கர வாகனக்காரரையும் நான் நினைத்துக்கொள்கிறேன். இந்த வேலையைக் கவனத்தோடு செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு அவரும் ஒரு காரணம்.

இனி, ஃபில்டர் எதனால் நிற்கிறது என்ற கேள்விக்கு வருவோம். குக்கர் மூடியில் ஆவியை அடைப்பது எப்படி ரப்பர் கேஸ்கெட்டோ, அப்படியே இங்கும் ஆயிலை அடைப்பது ரப்பர் வளையம்தான். மரையின் வேலை ஃபில்டரைப் பிடித்து வைத்திருப்பதும், அந்த ரப்பரை வேண்டிய அளவு நசுக்குவதும் மட்டுமே. நசுங்கிய ரப்பர் தன் பழைய உருவத்துக்குத் திரும்ப முயன்றுகொண்டே இருப்பதால், இன்ஜின் முகத்தின் மேல் ஓயாமல் அழுத்துகிறது. அந்த அழுத்தம் ஆயிலின் அழுத்தத்தைவிட அதிகமாக இருக்கும் வரை ஒரு சொட்டும் வெளியே வராது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் அளவு புரியும். ரப்பர் வளையத்தின் விட்டம் 60 மில்லிமீட்டர் என்றும், ஆயில் அழுத்தம் 4 பார் என்றும் வைத்துக்கொண்டால், ஃபில்டரை இன்ஜினிலிருந்து பிரிக்கப் பார்க்கும் விசை ஏறத்தாழ 115 கிலோ எடைக்குச் சமம். நடுவிலுள்ள மரை இந்தச் சுமையை எளிதாகத் தாங்கிக்கொள்ளும். அந்த மரை தாங்குமா என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. ரப்பர் சரியாக, சமமாக நசுங்கியிருக்கிறதா என்பதே கவலைப்பட வேண்டிய ஒன்று.

எவ்வளவு நசுங்க வேண்டும்? பல கார்களின் ஃபில்டர் மரையின் அளவு எம்20, அதாவது 20 மில்லிமீட்டர் விட்டம்; அதன் புரி இடைவெளி 1.5 மில்லிமீட்டர். அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு ஃபில்டர் ஒன்றரை மில்லிமீட்டர் முன்னேறும். முக்கால் சுற்றுக்கு 1.1 மில்லிமீட்டரை ஒட்டி முன்னேறும். ரப்பர் வளையம் இன்ஜின் முகத்தைத் தொட்ட கணத்திலிருந்து கணக்கிட்ட அந்த ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் வளையத்துக்குத் தேவையான நசுக்கல். கையேடுகளும் ஃபில்டர் பெட்டிகளும் "ரப்பர் தொட்ட பிறகு முக்கால் சுற்று" என்றோ "முக்காலிலிருந்து ஒரு சுற்று" என்றோ குறிப்பிடுவது இதனால்தான். சில கையேடுகள் அதையே முறுக்கு விசையாகவும் தரும். சிறிய பெட்ரோல் இன்ஜின்களுக்கு 14 நியூட்டன் மீட்டர் என்ற எண்ணைப் பார்க்கலாம். நல்ல பிடிமானம் உள்ள உலர்ந்த கையால் எட்டிவிடக்கூடிய அளவு அது. உங்கள் வண்டிக்கும் நீங்கள் வாங்கிய ஃபில்டருக்கும் உரிய எண்ணை அவற்றின் கையேட்டிலும் பெட்டியிலும் பார்த்துக்கொள்ளுங்கள்; நான் சொல்லும் முக்கால் சுற்று பொதுவானது.

எங்கள் தெருவில் பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப் ஓட்டும் தம்பி ஒருவர், நான் ஃபில்டர் மாட்டுவதை அருகில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "அண்ணா, கையால திருகி விட்டுட்டீங்களே, நம்ம ரோட்டு குலுக்கலுக்கு இது நிக்குமாங்க? ரெஞ்ச் போட்டு ஒரே ஒரு இழுப்பு இழுத்துறலாமுங்க." அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு நியாயமான பதிலும் இருக்கிறது. அதிர்வினால் ஒரு திருகு தானாகக் கழல்வது எப்படி என்பதை ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யூங்கர் 1969இல் தெளிவாக விளக்கினார். இணைந்திருக்கும் இரண்டு முகங்கள் பக்கவாட்டில் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கினால்தான் மரை சிறிது சிறிதாகப் பின்னோக்கிச் சுழல்கிறது. வழுக்க விடாத உராய்வு இருக்கும் வரை, எவ்வளவு குலுங்கினாலும் அது அசைவதில்லை. ஆயில் ஃபில்டரோ ஆயில் நிறைந்த நிலையிலும் கைக்கு அடக்கமான, எடை குறைந்த பொருள். அதைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையமோ மரையைவிட மூன்று மடங்கு அகலமான வட்டத்தில் இன்ஜின் முகத்தைக் கவ்விக்கொண்டிருக்கிறது. அந்த அகலத்தில் ஏற்படும் உராய்வு, சாலைக் குலுக்கல் இந்தச் சிறு எடையின் மூலம் தரக்கூடிய எந்த உந்தலையும்விட மிக அதிகம். இதைச் சொன்னபோது அந்தத் தம்பி உடனே ஒப்புக்கொள்ளவில்லை, "அப்ப கழட்டும்போது மட்டும் ஏனுங்க அவ்வளவு கஷ்டம்?" என்று கேட்டார். அவர் கேள்வியிலேயே விடை இருந்தது. வெப்பத்தில் வெந்து இறுகி, உலோகத்தோடு ஒட்டிக்கொண்ட ரப்பர், மாட்டியபோது கொடுத்த விசையைவிட அதிக விசையைக் கழற்றும்போது கேட்கிறது. மாதங்கள் செல்லச் செல்ல ஃபில்டர் கூடுதலாகப் பிடித்துக்கொள்கிறதே தவிரத் தளர்வதில்லை.

ரெஞ்ச் போட்டு இழுத்தால் என்ன நேரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரப்பர் வளையம் உட்கார்ந்திருக்கும் பள்ளத்துக்கு ஓர் ஆழம் உண்டு. அளவுக்கு மேல் நசுக்கினால் வளையம் பள்ளத்தின் விளிம்பைத் தாண்டிப் பிதுங்கும். பிதுங்கிய இடத்தில் ரப்பர் வெட்டுப்படும். அடுத்து வரும் சூடு, குளிர்ச்சியில் அந்த வெட்டு பெருகும். ஃபில்டரின் உடல் மிக மெல்லிய தகடு. ரெஞ்சின் பிடியில் அது நெளிந்தால், அடித்தகட்டோடு அதைச் சுருட்டி இணைத்த மடிப்பும் நெளியும். இவற்றுள் ஒன்றும் நேராமல் தப்பித்தாலும், அடுத்த முறை அதைக் கழற்றுகிறவர் படும் பாடு மிச்சம் இருக்கிறது. கழலாத ஃபில்டரை ஸ்க்ரூ டிரைவரால் குத்தித் திருப்பும் வழக்கத்தை எல்லாப் பணிமனைகளிலும் பார்க்கலாம். டப்பா கிழிந்து அடித்தகடு மட்டும் இன்ஜினில் நின்றுவிட்டால், உளியும் சுத்தியலும் கொண்டு, இன்ஜினின் வழவழப்பான முகத்தில் கீறல் விழாமல் அதை எடுப்பது எவ்வளவு கடினம் என்பது எடுத்தவர்களுக்குத் தெரியும். அந்த முகத்தில் விழும் ஒரு கீறல், அதற்குப் பிறகு மாட்டும் ஒவ்வொரு ஃபில்டருக்கும் கசிவு வழியாகும்.

செய்முறைக்கு வருகிறேன். மலையூரில் முதல் சிக்கல் சமமான தரை. எங்கள் பக்கம் வாசல் என்று சொல்லப்படுவதெல்லாம் சரிவுதான். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை இரவல் வாங்கி, வண்டி நிற்கும் தரையை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் ஒருமுறை பார்த்து, சமமான இடத்தைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. ஆயில் மட்டம் பார்க்கும் டிப் ஸ்டிக் காட்டும் அளவு அங்கேதான் உண்மையாக இருக்கும். அதைவிட முக்கியம், ஜாக்கியில் தூக்கிய வண்டி நகராமல் இருப்பது: சக்கரத்துக்கு இரு பக்கமும் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ஸ்டாண்டின் மேல் வண்டியை இறக்கிய பிறகே அடியில் தலையை நீட்ட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. இதில் நான் எந்தச் சலுகையும் தர மாட்டேன்.

ஆயில் இளஞ்சூடாக இருக்கும்போது வேலையைத் தொடங்க வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்த கையோடு திறந்தால் கை வெந்துவிடும். பனிக்காலக் காலையில் குளிர்ந்த இன்ஜினைத் திறந்தால் ஆயில் பாகாக நின்று, பாதி உள்ளேயே தங்கிவிடும். கடைவீதி வரை போய்வந்து, கால் மணி நேரம் ஆறவிட்டால் போதும். ஆயில் வடிந்ததும், அதை வடிக்கச் சம்ப்பின் அடியில் கழற்றிய டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, கையேடு சொல்லும் விசைக்கு, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு முடுக்குங்கள்; அலுமினிய சம்ப்பில் மரை போனால் செலவு பெரியது. ஃபில்டருக்குச் சொல்லும் கைவிசைக் கணக்கை இந்தப் போல்ட்டுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம், இரண்டும் வேறு வேறு வகை இணைப்புகள்.

பழைய ஃபில்டரைக் கழற்றிய உடனே அதன் முகத்தைத் திருப்பி, ரப்பர் வளையம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கட்டுரை முழுவதிலும் ஒரே ஒரு வரியை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்று ஒருவர் சொன்னால், நான் இந்த வரியைத்தான் கொடுப்பேன். வெப்பத்தில் ஒட்டிக்கொண்ட பழைய வளையம் சில வேளைகளில் இன்ஜின் முகத்திலேயே தங்கிவிடும். கறுப்பு ஆயில் பூசிய கறுப்பு வளையம், நிழலில், வண்டிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் புது ஃபில்டரை மாட்டினால் ரப்பரின்மேல் ரப்பர் உட்காரும். புது வளையத்தைத் தாங்க ஃபில்டரில் பள்ளம் இருக்கிறது. பழையதைத் தாங்க ஒன்றும் இல்லை. கையால் திருகும்போது எல்லாம் சரியாகவே தோன்றும், முக்கால் சுற்றும் சரியாகவே கிடைக்கும், இன்ஜினை ஓட விட்டுப் பார்த்தாலும் சில நிமிடங்கள் கசியாது. பிறகு ஒரு நாள் அது பிதுங்கும்.

அந்த ஒரு நாள் எங்கள் ஊரில் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி மாதக் காலையாக இருக்கும். ஊட்டியிலும் தலைகுந்தாவிலும் புல்லின் மேல் உறைபனி படியும் நாட்களில், ஆயில் சூடான நிலையில் இருப்பதைவிடப் பல மடங்கு கெட்டியாக இருக்கும். பம்ப் அதைத் தள்ளும்போது அழுத்தம் சட்டென்று உயரும். ரிலீஃப் வால்வு திறந்து அதைக் குறைக்கப் பார்த்தாலும், சாவி திருப்பிய முதல் சில நொடிகளில்தான் ஃபில்டர் இணைப்பு தன் வாழ்நாளின் பெரிய சுமையைச் சந்திக்கிறது. அண்டை வீட்டுக்காரரின் காரில் இதைக் கண்ணால் பார்த்தேன். வெளியூர்ப் பணிமனை ஒன்றில் ஆயில் மாற்றி வந்த வண்டி, சில வாரங்கள் நன்றாக ஓடிய பிறகு, குளிரில் ஒரு காலை கிளப்பிய உடனே வாசல் முழுவதும் ஆயிலைக் கொட்டியது. நல்ல வேளையாக அவர் சத்தம் கேட்டு உடனே நிறுத்திவிட்டார். ஃபில்டரைக் கழற்றியபோது இரண்டு வளையங்கள் வந்தன. மேலே இருந்தது புதிது, கீழே இருந்தது கல்லாக இறுகிய பழையது.

ஆகவே வளையத்தைக் கண்ணால் பார்த்ததோடு நிற்காமல், இன்ஜின் முகத்தைச் சுத்தமான துணியால் துடைத்து, விரலால் ஒரு முறை சுற்றித் தடவிப் பாருங்கள். மேடு, மணல், நூல் எதுவும் இருக்கக் கூடாது. துடைக்கும் துணி நூல் உதிராததாக இருக்க வேண்டும். பிறகு புது ஃபில்டரின் வளையத்தில் புது ஆயிலை விரல்நுனியால் மெல்லிய படலமாகத் தடவுங்கள். இந்தத் தடவலைச் சடங்காக நினைத்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. உலர்ந்த ரப்பர் உலோகத்தைத் தொட்டதும் பிடித்துக்கொள்ளும். ஃபில்டர் சுழலச் சுழல ரப்பர் கூடச் சுழலாமல் முறுக்கிக்கொள்ளும். கைக்கு நன்றாக இறுகிவிட்டதாகத் தோன்றும், ஆனால் நசுங்க வேண்டிய அளவில் பாதிகூட நசுங்கியிருக்காது. கை உணர்வு நம்மை ஏமாற்றாமல் இருக்க வேண்டுமானால் அந்தப் படலம் இருந்தாக வேண்டும்.

ஃபில்டர் வாய் மேல்நோக்கி மாட்டும் அமைப்பாக இருந்தால், ஓரத்துச் சிறு துளைகள் வழியாகப் பாதியளவு புது ஆயில் ஊற்றிக்கொள்ளலாம். நடுத்துளை வழியே ஊற்றினால் வடிகட்டாத ஆயில் நேரே பேரிங்குக்குப் போகும். படுக்கைவாட்டில் மாட்டுவதாக இருந்தால் ஊற்ற வேண்டாம்.

மாட்டும்போது முதல் சில புரிகளை விரல்நுனிகளால் மட்டும் திருகுங்கள். சாய்வாகப் பிடித்த மரை அங்கேயே முரண்டு பிடிக்கும். அப்போது வலுக்காட்டாமல் பின்னோக்கிக் கழற்றி, நேராக மீண்டும் தொடங்க வேண்டும். சரியாகப் பிடித்த ஃபில்டர் தடையின்றிச் சுழன்று போய், ஓர் இடத்தில் லேசாகத் தடுக்கும். அதுவே ரப்பர் தொட்ட இடம். அங்கே கையை எடுத்துவிட்டு, ஃபில்டரின் உடலைப் பாருங்கள். பல ஃபில்டர்களில் 1, 2, 3, 4 என்று கால் சுற்றுக்கு ஒன்றாக எண்கள் அச்சிட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, அதற்கு நேரே இன்ஜினிலும் ஒரு கோடு போடுங்கள். கையில் உள்ள ஆயிலைத் துடைத்துக்கொண்டு, மூன்று எண்கள் கடக்கும் வரை, அதாவது முக்கால் சுற்று வரை திருகுங்கள். கடைசிக் கால் சுற்றில் மணிக்கட்டுக்கு வேலை இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். கை நுழையாத இடுக்கில் ஃபில்டர் இருக்கும் வண்டிகளுக்குத் தொப்பி போன்ற சாக்கெட்டைப் பயன்படுத்துவதில் தவறில்லை, ஆனால் அப்போதும் கணக்கு கோட்டை வைத்துத்தான். கைப்பிடியின் நீளம் நம் விசையைப் பெருக்கிவிடும் என்பதால், இறுகிய உணர்வை நம்பி நிறுத்த முடியாது.

காகித உருளையை மட்டும் மாற்றி, பிளாஸ்டிக் மூடியைத் திருகும் வகை வண்டிகள் இப்போது பெருகிவிட்டன. அவற்றுக்கு முக்கால் சுற்றுக் கணக்கு செல்லாது. மூடி தன் எல்லையைத் தொட்டு நிற்கும். ஓரத்தில் இருக்கும் ஓ-ரிங் என்ற மெல்லிய ரப்பர் வளையமே அடைப்பைச் செய்கிறது. மூடியின் மேலேயே விசையை அச்சிட்டிருப்பார்கள். 25 நியூட்டன் மீட்டர் என்பது பரவலாகக் காணப்படும் எண். கால் மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் பத்து கிலோ விசை கொடுப்பதற்குச் சமம். டார்க் ரெஞ்ச் இல்லாமல் அந்த மூடியைத் தொடாதீர்கள், பிளாஸ்டிக் விரிசல் விட்டால் ஒட்ட வழியில்லை. புது ஓ-ரிங் சரியான பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்பதை இரண்டு முறை பாருங்கள்.

ஆயில் ஊற்றி முடித்த பிறகு, சுற்றிலும் சிந்தியிருக்கும் பழைய ஆயிலை நன்றாகத் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டால், பின்னால் தெரியும் ஈரம் புதுக் கசிவா, பழைய சிந்தலா என்று கண்டுபிடிக்க முடியாது. இன்ஜினைக் கிளப்பினால் ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையும் வரை ஆக்சிலேட்டரை மிதிக்கக் கூடாது. ஒருவர் உள்ளே இருக்க, இன்னொருவர் டார்ச் அடித்து ஃபில்டரின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருப்பது சிறந்தது. ஓரிரு நிமிடம் ஓடிய பிறகு நிறுத்தி, ஆயில் கீழே இறங்கும் வரை காத்திருந்து, சமதரையில் டிப் ஸ்டிக் பார்க்க வேண்டும். ஃபில்டர் குடித்த அளவு குறைந்திருக்கும். அதை ஊற்றிச் சரிசெய்யுங்கள்.

பழைய ஃபில்டரைக் குப்புறக் கவிழ்த்து ஓர் இரவு வடியவிட்டு, அந்த ஆயிலையும் சம்ப் ஆயிலோடு கேனில் சேர்த்து மூடி, பயன்படுத்திய ஆயில் சேகரிக்கும் பணிமனையில் கொடுத்துவிடுங்கள். சட்டப்படி அது அபாயகரமான கழிவு. எங்கள் ஓடைகளில் ஊற்றுவது எதுவும் எங்களோடு நிற்பதில்லை. பவானியில் கலந்து, கீழே குடிக்கிறவர்களுக்குப் போய்ச் சேரும்.

கடைசிப் பரிசோதனையை முதல் பயணத்துக்குப் பிறகு செய்ய வேண்டும். மலையிறங்கி மேட்டுப்பாளையம் போனால், அங்கே ஓர் ஓரமாக நிறுத்தி, இன்ஜின் சிறிது ஆறியதும், வெள்ளைக் காகிதத்தால் ஃபில்டரின் விளிம்பைச் சுற்றித் துடைத்துப் பாருங்கள். காகிதம் வெள்ளையாக வந்தால் ஃபில்டரைத் தொடாமல் விட்டுவிடுங்கள். சூட்டில் ரப்பர் சற்று இளகியிருப்பதால் கைக்கு இன்னும் கொஞ்சம் சுற்றும் போலத் தோன்றினாலும் சுற்றக் கூடாது. காகிதத்தில் புது ஆயிலின் நிறம் தெரிந்தால், துடைத்துவிட்டுப் பத்து நிமிடம் ஓட விட்டு மீண்டும் பாருங்கள். இரண்டாவது முறையும் ஈரம் வந்தால், அது இறுக்கம் போதாததால் வந்தது என்று முடிவுகட்டி ரெஞ்சை எடுக்காதீர்கள். முக்கால் சுற்றுக் கோடு நேராக நிற்கிறதென்றால் குறை வேறெங்கோ இருக்கிறது: வளையம் மடங்கியிருக்கலாம், அடியில் மணல் சிக்கியிருக்கலாம், இரண்டாவது வளையம் ஒன்று ஒளிந்திருக்கலாம், அல்லது ஃபில்டரே அந்த வண்டிக்குரியதாக இல்லாமல் இருக்கலாம். கசிவு மெல்லியதாக இருந்தாலும் அந்த வண்டியை மீண்டும் மலையேற்றாமல், அங்கேயே ஒரு பணிமனையில் விட்டு, ஃபில்டரைக் கழற்றி முகத்தையும் வளையத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கழற்றினால் போகும் ஆயிலுக்கு ஈடாக, ஊற்றியதே போன்ற ஆயில் அரை லிட்டரை வண்டியில் வைத்துக்கொண்டு இறங்குவது என் வழக்கம்.